எட்டாவது கை

வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஆக ஆசைப்படுகிறவரை எந்தக் கூட்டத்திலும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவேன். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். அடுத்தவர் பேசும்போது காது கொடுக்க மாட்டார், குறிப்பெடுப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் மூன்று பேனா வைத்திருந்தவன். (மூன்றாவது சிவப்பு மை. அடுத்தவர் கணக்கில் வட்டம் போடுவதற்கு.)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் ஒரு நல்ல மனிதரின் கால் போகிறது. சிரிப்பு வருகிற இடத்தில் தாராளமாகச் சிரியுங்கள், ஆனால் என்னைப் பார்த்துச் சிரியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ராசிபுரம். அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு. செலவு செய்தவர்கள் கொண்டுவரும் பில்லில் என்ன குறை என்று பார்த்து, அதை நல்ல தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவது என் வேலை. கொல்லிமலைக்கு மாற்றல் வந்தபோது என்னோடு வேலை பார்த்தவர்கள் துக்கம் விசாரித்தார்கள். நானோ குளிர் பிடித்துப்போய், இருந்த சேமிப்போடு கடனும் வாங்கி அங்கேயே ஒரு வீடு வாங்கிவிட்டேன்.

சோளக்காட்டுச் சந்தையைத் தாண்டிச் செம்மேடு போகிற ரோட்டில், கொஞ்சம் உள்ளே தள்ளி, மலைச் சரிவை வெட்டிக் கட்டிய பன்னிரண்டு வீடுகள். மேல் வரிசை ஆறு, கீழ் வரிசை ஆறு. மேல் வரிசையின் முதுகுக்குப் பின்னால் வெட்டிய மலை நின்றது. அந்த மண் சரியாமல் இருக்க, கட்டியவர் ஒரு கல் சுவர் எழுப்பிவிட்டு, கடைசி வீட்டை விற்ற கையோடு போன் நம்பரை மாற்றிக்கொண்டார். என் வீடு கீழ் வரிசையில் மூன்றாவது. சுவர் விழுந்தாலும் என் தூக்கம் கெடாத தூரம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் என்னைப் போல் கீழேயிருந்து மலைக்கு வேலைக்கு வந்த அரசு ஊழியர்கள். மீதிப் பேர் சேலத்திலும் நாமக்கல்லிலும் இருந்துகொண்டு லீவுக்கு மட்டும் வந்து போகிறவர்கள். தண்ணீர், தெருவிளக்கு, காவலாளி சம்பளம் என்று பொதுச் செலவு வந்ததும் சங்கம் ஆரம்பித்தோம். சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர் தலைவர். அவர் வருடத்துக்கு நான்கு நாள் மலையில் இருப்பார். மீதி நாளெல்லாம் சங்கம் என்றால் செயலாளரான நான்தான்.

சங்க விதிகளை நானே எழுதினேன். எழுதினேன் என்றால், சென்னையில் இருக்கும் மச்சானிடம் அவர் அடுக்குமாடிச் சங்கத்தின் விதிகளை வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். அதனால்தான் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் எங்கள் குடியிருப்பில், நீச்சல் குளத்தில் வளர்ப்பு நாய்களை இறக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னார்கள். விதி என்றால் முழுதாக இருக்க வேண்டும் என்று மறுத்துவிட்டேன்.

அந்த விதிகளில் மூன்றை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்திருப்பவர் பொதுக்குழுவில் பேசவோ வாக்களிக்கவோ கூடாது. முன் அனுமதி இல்லாமல் செய்த செலவைச் சங்கம் ஏற்காது. வழக்கமான சந்தாவுக்கு மேல் தனியாக நிதி வசூலிக்க வேண்டுமானால், பன்னிரண்டு பேரில் எட்டுப் பேர் கை தூக்க வேண்டும்.

மேல் வரிசையில் ஐந்தாவது வீடு ஸ்டெல்லா சிஸ்டருடையது. திருச்சிக்காரர், மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர் கணவர் ஆரோக்கியசாமி பஸ் டிரைவர். மலையேறும் பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பல வருடமாகப் பஸ் ஓட்டி, ஒரு கண்ணாடிகூட உரசாதவர். விடியற்காலை முதல் வண்டியை எடுப்பார். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டு, வீட்டின் பின் அறையில் நாலு மணி வரை தூங்குவார். பின் அறை ஜன்னலைத் திறந்தால் சுவர்.

அந்த வருடம் ஆடியில் சிஸ்டர் என்னிடம் வந்தார். சுவர் முன்னால் சாய்ந்த மாதிரி இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். மனுவாக எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்தார். அதைக் கோப்பில் வைத்து எண் போட்டேன். எண் போட்டதும் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிற ஜாதி நான்.

பத்து நாள் பார்த்துவிட்டு, அவரே முள்ளுக்குறிச்சியிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்துவிட்டார். அன்றைக்கு நானும் போய் நின்றேன். கொத்தனார் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், எட்டிப் போய் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏனுங்க, செவுரு வயித்தத் தள்ளீட்டு நிக்குதுங்க. தண்ணி வெளிய போற ஓட்டை அத்தனையும் மண்ணடைச்சுக் கெடக்குது. ஓட்டையத் தொறந்து உடறனுங்க. ஆனா ஐப்பசி மழைக்குத் தாங்காதுங்க. அதுக்கு முந்திப் பிரிச்சுக் கட்டிப்போடோணும்."

"இதை எழுத்து மூலமாகக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார், சிஸ்டரைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "எனக்குக் கையெழுத்து மட்டுந்தானுங்க வரும்" என்றார்.

இரண்டு ஆள் வைத்து, மூன்று நாளில் ஓட்டைகளைத் திறந்துவிட்டுப் போனார். செலவு நாலாயிரத்து ஐந்நூறு. சிஸ்டர் தன் கையிலிருந்து கொடுத்தார். எங்கள் மாதச் சந்தா ஆயிரத்து ஐந்நூறு. ஆக, மூன்று மாதச் சந்தாவுக்கு அதைக் கழித்துக்கொள்ளுங்கள், சுவர் எல்லாருக்கும் பொதுதானே என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்பினார்.

அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. மலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சுத்தமான ஒரு குறை என் கையில் சிக்கியதில்லை. முன் அனுமதி இல்லை. விலைப்புள்ளி இல்லை. கொத்தனார் ரசீதில் தேதி இல்லை. சிவப்பு மையில் மூன்று வட்டம் போட்டு, "ஏற்க இயலாது" என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். வாசல் அறிவிப்புப் பலகையில், சந்தா பாக்கி உள்ளோர் என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு பெயர் ஏறியது.

என் மனைவி சாந்தி அதைப் படித்துவிட்டு வந்தாள். "ஏனுங்க, அந்தம்மா செவுத்துக்குத்தானே செலவு பண்ணுச்சு? அதுக்கு எதுக்கு அது பேர ஒட்டி வெச்சிருக்கறீங்க?"

"நடைமுறை" என்றேன். அந்த ஒரு சொல்லை வைத்து இருபது வருடம் அலுவலகத்தில் காலம் தள்ளியிருக்கிறேன். வீட்டில் செல்லுபடியாகவில்லை. அன்று ராத்திரி ரசம் இல்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. பொருள்: சுவரைப் பிரித்துக் கட்ட வீட்டுக்கு நாற்பதாயிரம் வசூலிப்பது. முந்தைய கூட்டங்களுக்கெல்லாம் ஐந்து பேர் வந்தால் அதிகம். இந்த முறை நோட்டீஸின் அடியில் மட்டன் பிரியாணி என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். (புரட்டாசி என்பதால் இரண்டு பேருக்கு மட்டும் வெஜிடபிள்.) பன்னிரண்டு வீட்டிலிருந்தும் வந்துவிட்டார்கள். என் வாழ்நாளில் நான் நடத்திய ஒரே முழு வருகைக் கூட்டம் அதுதான்.

சுவரைக் கட்டியே ஆக வேண்டும் என்று மேல் வரிசைக்காரர்கள் சொன்னார்கள். கீழ் வரிசையில் மூன்று பேர், சுவர் உங்கள் வீட்டுக்குப் பின்னால்தானே இருக்கிறது, நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்போது ஸ்டெல்லா சிஸ்டர் எழுந்தார்.

"சார், அந்த ரூம்லதான் இவர் தூங்குறாரு. தினமும் மத்தியானம். நான் டூட்டிக்குப் போயிடுவேன். அங்க உக்காந்து ஊசி போட்டுட்டிருப்பேன், மனசு பூரா இங்கதான் சார் இருக்கும்."

நான் விதிப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கம் தேட வேண்டிய அவசியமே இல்லை, அடையாளத்துக்குச் சீட்டு வைத்திருந்தேன். "உறுப்பினர் மூன்று மாதச் சந்தா பாக்கி வைத்துள்ளார். விதிப்படி அவர் பேச இயலாது. உட்காரும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அவர் உட்காரவில்லை. "வேற ரூம்ல படுக்கச் சொல்லியும் பாத்துட்டேன் சார். முன்னால ரோட்டுச் சத்தத்துல தூக்கம் வரலைங்கிறாரு. தூங்காம பஸ் ஓட்டக் கூடாது இல்லையா?"

"உறுப்பினர் பேசுவது பதிவு செய்யப்படாது" என்றேன். (பொய். ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்தேன். கை சும்மா இருக்காத வியாதி.)

ஆரோக்கியசாமி மனைவியின் முந்தானையை மெல்ல இழுத்தார். "விடு ஸ்டெல்லா. சார் ரூல்ஸ் பாக்குறாரு." அதில் குத்தல் எதுவும் இல்லை. அவரும் ரூல்ஸ் பார்க்கிறவர்தான். ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது மலையில் ரூல்ஸ். அதற்காக எந்த வளைவிலும் பஸ்ஸை நிறுத்தி, அடுத்தவர் ஏறும் வரை காத்திருக்கிற மனிதர்.

சிஸ்டர் உட்கார்ந்தார். உட்காரும்போது ஒன்று சொன்னார். "செவுரு விழுறதுக்கு எத்தனை பேர் சார் கை தூக்கணும்?"

பிரியாணி அண்டாவைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். மேல் வரிசையில் சிஸ்டரைத் தவிர ஐந்து கை. கீழ் வரிசையில் இரண்டு கை. எண்ணினேன், ஏழு. எதிர்ப்பு மூன்று. செயலாளர் நடுநிலை. "தீர்மானம் போதிய ஆதரவின்றித் தோல்வியுற்றது" என்று அழகான கையெழுத்தில் எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.

ஐப்பசியில் மழை வந்தது. நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாவது நாள் மத்தியானம் மூன்று மணி இருக்கும். நான் அலுவலகத்தில் உட்கார்ந்து, மறு பொதுக்குழுவுக்கான இருபத்தொரு நாள் நோட்டீஸைத் தயார் செய்துகொண்டிருந்தேன். சாந்தி போன் செய்தாள்.

"ஏனுங்க, செவுரு உழுந்துருச்சுங்க. சிஸ்டர் ஊடு பொறத்தாண்ட மண்ணா இருக்குதுங்க."

அதற்கு நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தனை அடி நீளம்?" சத்தியமாக அதைத்தான் கேட்டேன். அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் மிளகுக் கொடி கட்டிக்கொண்டிருந்தவர்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பின் அறை ஜன்னல் வரைக்கும் மண். கல்லெல்லாம் அறைக்குள் கிடந்தது. உள்ளேயிருந்து ஆரோக்கியசாமியின் குரல் வந்தது. "ஸ்டெல்லாவக் கூப்பிடாதீங்க. டூட்டில இருக்கா. பயந்துருவா."

நானும் குனிந்து அள்ளினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் எழுதாமல் ஒரு வேலை செய்தேன். நகம் இரண்டு பெயர்ந்தது. அது எனக்குப் போதவில்லை.

சிஸ்டர் யூனிபாரத்தோடு ஓடி வந்தார். மண்ணைத் தோண்டிய ஓட்டைக்குள் தலையை விட்டுக் கணவரின் முகத்தைப் பார்த்தார், நாடி பிடித்தார், அழவில்லை. வெளியே எடுத்ததும் இடது தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நீளமா, தட்டையா ஒரு பலகை வேணும், காலைக் கட்டணும்" என்றார். காவலாளி வாசலுக்கு ஓடி, அறிவிப்புப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

சங்கத்துச் சொத்து என்று சொல்ல என் வாய் திறந்தது. திறந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். நல்லவேளை, சத்தம் வரவில்லை. சிஸ்டர் பலகையைத் திருப்பினார். அதில் என் கையெழுத்தில் அவர் பெயர் இருந்தது. ஒரு கணம் படித்தார். பிறகு காகிதத்தைக் கிழிக்காமல், எழுத்து உள்பக்கம் வருகிற மாதிரி பலகையைத் தொடையோடு வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார்.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை, இறங்கச் சொல்லியும் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். வண்டியின் ஆட்டத்தை வைத்தே வளைவை எண்ணிக்கொண்டு வந்தார். டிரைவர் இளவட்டம், மலைக்குப் புதுசு.

"தம்பி, அடுத்தது இறக்கம் ஜாஸ்தி. செகண்டுக்கு மாத்திக்க." கொஞ்ச நேரம் கழித்து, "இதுல ஹாரன் அடி கண்ணு, அந்தப் பக்கம் தெரியாது." வலி வரும்போது பல்லைக் கடிப்பார். வளைவு வந்ததும் பேசுவார். எழுபதையும் அப்படியே இறக்கிவிட்டார். அவர் ஓட்டிய கடைசி வண்டி அதுதான்.

இடது கால். கிளட்ச் மிதிக்கிற கால். நாமக்கல் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள், காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அது ஒன்றரை அங்குலம் குட்டையாகி, மடங்காமல் நின்றுவிட்டது. டிப்போ ஆபீஸில் ஒரு நாற்காலியும் மேஜையும் கொடுத்தார்கள். டீசல் கணக்கு எழுதுகிற வேலை. என் வேலை அவருக்கு வந்து சேர்ந்தது.

இரண்டு மாதம் கழித்துச் சிஸ்டரின் வக்கீல் சங்கத்துக்கு நோட்டீஸ் அனுப்பினார். இயற்கைச் சீற்றம், சங்கம் பொறுப்பல்ல என்று பதில் எழுதலாம் என்பது தலைவரின் கருத்து. வீட்டுப் பத்திரத்தையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்துக்கு நாமக்கல்லில் ஒரு வக்கீலைப் பார்க்கப் போனேன். என் ஆயுதம் அந்தத் தீர்மானப் புத்தகம். ஒரு அடித்தல் திருத்தம் கிடையாது.

வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். மனு பெறப்பட்டுக் கோப்பில் வைக்கப்பட்டது. கொத்தனார் மழைக்குத் தாங்காது என்றார், எழுத்து மூலம் தரவில்லை. உறுப்பினர் தம் கணவர் அவ்வறையில் உறங்குவதாகத் தெரிவித்தார், பேச அனுமதிக்கப்படவில்லை.

"இத யாருங்க எழுதுனது?"

"நான்தாங்க."

"நல்ல தமிழுங்க" என்றார். புத்தகத்தை மூடவில்லை. "இந்தம்மாவோட வக்கீலுக்கு வேற சாட்சியே வேண்டாமுங்க. செவுரு பொதுச் சொத்துன்னு உங்க பத்திரம் சொல்லுது. ஆபத்து இருக்குதுன்னு சங்கத்துக்கு முன்னாடியே தெரியும்னு நீங்க சொல்றீங்க, அதுவும் தேதி போட்டு." விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். "செயலாளர் நடுநிலைன்னு இருக்குதே, உங்களுக்கு ஓட்டு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. செயலாளர் பொதுவா நடக்கணும்னு போடல."

"அப்பிடி விதி இருக்குதுங்களா?"

நான் எழுதிய விதி. நீச்சல் குளம் உண்டு, நாய் உண்டு. அது மட்டும் இல்லை. "இல்லீங்க" என்றேன்.

"போட்டிருந்தா?"

"எட்டு ஆயிருக்குமுங்க."

அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "சமாதானமாப் போயிருங்க" என்றார்.

வக்கீலிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன். கூட்டத்தில் ஏழு என்று எண்ணி முடித்தபோதே எனக்குத் தெரியும், எட்டாவது கை என் தோளில் தொங்குகிறது என்று. மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டியிருந்தது, நாற்பதாயிரம் கையைக் கடித்தது. அதைவிட, சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு அந்தம்மா கேட்டதற்கே கை தூக்குவதா என்ற வீம்பு. நடுநிலை என்று நான் எழுதியது பயமும் வீம்பும்தான். அலுவலகத்தில் மற்றவர் பில்லில் இப்படிப் பார்த்திருந்தால் மூன்று வட்டம் போட்டிருப்பேன்.

சமாதானமாகப் போனோம். ஆஸ்பத்திரிச் செலவு, இடிந்த அறை, புதுச் சுவர் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. எதிர்த்த மூன்று பேரும் வாயைத் திறக்காமல் கட்டினார்கள். என் பங்குக்குச் சாந்தியின் சங்கிலி அடகுக்குப் போனது. பணத்தைச் சிஸ்டரிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "ரசீது வேணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ரசீது வேண்டாம் என்று நான் சொன்னது அதுவே முதல் தடவை. அன்றைக்கே ராஜினாமாவும் எழுதினேன், இரண்டே வரியில்.

வீட்டில் இதற்கு வேறு தண்டனை கிடைத்தது. சாயந்திரம் தோசையா உப்புமாவா என்ற பேச்சு வந்தால்கூட, என் மகள், "எல்லாரும் கை தூக்குங்க" என்பாள். நான் கேள்வி முடியுமுன் தூக்கிவிடுவேன். "பாரும்மா, எட்டாவது கை" என்பாள். பெயரே அதுவாகிவிட்டது. சொந்தக்காரர்கள் கல்யாணப் பந்தியில்கூட, "எட்டாவது கைக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊத்துங்க" என்கிறார்கள். மலையில் இப்போது எந்தக் கூட்டமானாலும் எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமலே என் கை மேலே போய்விடுகிறது. ஊர்ப் பள்ளிக்கூடக் கூட்டத்தில் அப்படித் தூக்கிக் கழிவறை கழுவும் முறைக்கு என் பெயர் ஏறியது. போய்க் கழுவினேன்.

சிஸ்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு நாமக்கல்லுக்கே போய்விட்டார். மலை வீட்டை விற்றுவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துச் சாந்தி என்னை அவர்கள் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சோளக்காட்டில் பலாப்பழம் வாங்கிக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாரும் டீயை ஊதிக்கொண்டிருந்தோம். இன்னும் டீ யாருக்கு வேண்டும் என்று சிஸ்டர் கேட்டார். என் கை மேலே போனது. மகள் யோசிக்காமல், "எட்டாவது கை" என்றுவிட்டாள்.

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. சிஸ்டர் என்னைப் பார்த்தார். அன்று ஏழு வரை அவரும்தானே எண்ணினார். விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதலில் சிரித்தவர் ஆரோக்கியசாமி. வயிறு குலுங்கச் சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கு டீ ஊற்றினார்.

இப்போது வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை போகிறோம். ஆரோக்கியசாமிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் தானாக எழ முடியாது. மனைவி பக்கத்திலேயே இருந்தாலும், நான் போயிருக்கிற நாளில் அவரைக் கூப்பிட மாட்டார்.

"சார், அந்த எட்டாவது கையக் கொஞ்சம் குடுங்க" என்பார்.

நான் கொடுப்பேன். நல்ல கனமான மனிதர். முழு பாரத்தையும் என் கையில் போட்டு, அந்த மடங்காத காலை இழுத்து வைத்து, மெதுவாக எழுந்து நிற்பார். நின்ற பிறகும் உடனே விட மாட்டார், கால் நிலைப்பட வேண்டும். அதுவரை நானும் விட மாட்டேன்.